படகு எண்ணுக்கு ஒடுங்கிய தடித்த எழுத்து: அளவு, ஸ்டென்சில், பெயிண்ட்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் படகுகள் கரையேறி, பலகை மாற்றி, கலப்பத்து (பலகை இடுக்குகளை அடைக்கும் பூச்சு) அடித்து, பெயிண்ட் பூசிக்கொள்கின்றன. எண்ணும் பெயரும் எழுதுவது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். கடைசி வேலை என்பதால் அவசரமாக முடிகிற வேலையும் அதுதான். ஆனால் ரோந்துக் கப்பலிலிருந்து பார்ப்பவருக்கும், ஆபத்து நேரத்தில் தேடி வரும் பக்கத்துப் படகுக்காரருக்கும் முதலில் தேவைப்படுவது அந்த எண்.

இங்கே பதிவு செய்வது மர உடம்புள்ள ஒரு விசைப்படகின் அணியத்தில் (முன்பகுதியில்) இரு பக்கமும் பதிவு எண், அதன் கீழே தமிழில் பெயர், வீல்ஹவுஸ் (படகு ஓட்டும் அறை) கூரையில் மறுபடி எண் எழுதிய வேலை. உடம்பு கரும்பச்சை, எழுத்து வெள்ளை. எண் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கி மூன்று இலக்கத்தில் முடிவது. கோடுகளையும் சேர்த்து 16 குறிகள். அணியத்தில் எழுத்துக்குக் கிடைத்த இடம் நீளத்தில் 3 மீட்டர்.

முதலில் எழுத்து வகை. 300 மி.மீ. உயரத்தில் சாதாரண அகலமுள்ள ஏரியல் போல்டில் இந்த எண்ணை எழுதினால் ஏறத்தாழ 3.7 மீட்டர் வேண்டும். 3 மீட்டருக்குள் அடக்க, உயரத்தை 243 மி.மீ.க்கு இறக்க வேண்டிவரும். உயரத்தை விடாமல் அகலத்தை மட்டும் குறைப்பதற்கென்றே வரையப்பட்டவை ஒடுங்கிய தடித்த எழுத்துகள். இவற்றின் வரலாறு அச்சுக்கூடத்தில் இருக்கிறது. மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக வரைந்த ஆல்டர்நேட் காத்திக், செய்தித்தாள் பத்தியின் அகலத்துக்குள் பெரிய தலைப்பை நிறுத்த மூன்று அகலங்களில் வந்தது. இன்று இலவசமாகக் கிடைக்கும் லீக் காத்திக் அதன் மறுபிறப்பு. ஃப்ரெட் லாம்பர்ட்டின் காம்பாக்டா 1963; ஜெஃப்ரி லீ வரைந்து ஷெஃபீல்டின் ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனம் ஈய எழுத்தாக வெளியிட்ட இம்பாக்ட் 1965. விண்டோஸ் கணினியோடு சேர்ந்தே வருவதால் நம் ஊர் ஸ்டிக்கர் கடைகளில் 'கெட்டியான எழுத்து' என்று கேட்டால் பெரும்பாலும் இம்பாக்டைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

இம்பாக்டின் குணம் என்ன? கிடைத்த உயரத்துக்குள் எவ்வளவு மை கொள்ளுமோ அவ்வளவையும் காகிதத்தில் இறக்குவது. தண்டு, அதாவது எழுத்தின் நிமிர்ந்த கோடு, மிகப் பருமன். சிறிய எழுத்துகள் பெரிய எழுத்தின் உயரத்தை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு நெட்டை. மேலும் கீழும் நீளும் கோடுகள் குட்டை, எழுத்துக்கு எழுத்து இடைவெளி மிகக் குறைவு. எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வெற்றிடம் (இனி இதை உள்வெளி என்று சொல்வோம்) வெறும் கீற்று. டீக்கடையில் தொங்கும் செய்தித்தாள் போஸ்டருக்கும், சுவரொட்டித் தலைப்புக்கும், நான்கு சொல் அறிவிப்புக்கும் இது பிரமாதமான எழுத்து. பார்ப்பவர் ஐந்து, பத்து மீட்டருக்குள் நிற்கிறார். எழுத்தின் கனமே அவரைத் திரும்ப வைக்கிறது. படகு எண்ணைப் பார்ப்பவரோ நூறு மீட்டருக்கு அப்பால், ஆடுகிற இன்னொரு படகில் நிற்கிறார். அவருக்கு அந்தக் கனம் உதவாது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காணும். 100 மீட்டர் தூரத்தில் அது 29 மி.மீ. அதைவிடச் சிறிய உள்வெளி அந்தத் தூரத்தில் மூடிக்கொண்டுவிடும். 300 மி.மீ. உயரத்தில் இம்பாக்ட் பாணியில் ஓர் 8 போட்டு, தண்டு 75, உள்வெளி 25, மறுபடி தண்டு 75 என்று வைத்தால் மொத்த அகலம் 175. இது 86 மீட்டரைத் தாண்டினால் வெறும் வெள்ளைக் கட்டி. அதே உயரத்தில் தண்டு 50, உள்வெளி 50, தண்டு 50 என்று வைத்தால் அகலம் 150தான். ஆனால் உள்வெளி 170 மீட்டர் வரை திறந்திருக்கும். அகலம் 25 மி.மீ. குறைந்தும், தெரியும் தூரம் இரண்டு மடங்கு. இவை தெளிந்த வானிலையில், அசையாமல் நின்று பார்ப்பதற்கான உச்ச அளவுகள். கடலில் பாதியை நம்பினால் போதும், விகிதம் மாறாது.

ஆகவே எண்ணுக்கு வைத்துக்கொண்ட விதி: தண்டு உயரத்தில் ஆறில் ஒன்று, உள்வெளி தண்டுக்குக் குறையாமல். பெபாஸ் நியூ, ஆஸ்வால்ட் ஆகியவை இந்த விதிக்கு அருகில் வருபவை. இரண்டும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெபாஸில் பெரிய எழுத்து மட்டுமே உண்டு. எண் எழுத அது குறையே இல்லை. ஆன்டன் அழகான எழுத்து, ஆனால் இம்பாக்ட் அளவுக்கே கனம். கடை முகப்புக்கு வைத்துக்கொள்ளலாம், படகுக்கு வேண்டாம்.

300 மி.மீ. உயரத்துக்கு இறுதியாக நின்ற அளவுகள் இவை. ஆங்கில என், டி (இந்தியாவின் டி), இலக்கங்கள் 150 அகலம்; தமிழ்நாட்டின் டி 130; ஐ 50; எம் 210; ஒன்று 90; இடைக்கோடு 70 நீளம், 40 கனம். எழுத்துகளுக்கு இடையே 45. கூட்டினால் 2,695 மி.மீ.; 3 மீட்டர் இடத்தில் இரு ஓரமும் மூச்சுவிட இடம் மிஞ்சுகிறது. எம் என்ற எழுத்தை மற்றவற்றின் அகலத்துக்கே நெருக்கினால் நடுவிலுள்ள வி வடிவம் அடைந்துபோகும். இந்த எண்ணில் இரண்டு எம் அடுத்தடுத்து வருகிறது; அங்கே கஞ்சத்தனம் காட்டினால் தூரத்தில் நான்கு கம்பம் நட்ட வேலி போலத்தான் இருக்கும். ஒன்றுக்கு மேலே மூக்கு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அது ஐ.

இலக்கங்களில் கவனிக்க வேண்டியது வாய். ஒடுங்கிய எழுத்துகளில் 3, 5, 6, 9 ஆகியவற்றின் முனைகள் உள்நோக்கிச் சுருண்டு உடம்பை ஒட்டி வரும். தூரத்தில் 3ம் 8ஆகிறது, 6ம் 8ஆகிறது, 9ம் 8ஆகிறது. அச்சுக்கூட எழுத்தை அப்படியே எடுக்காமல், முனைகளை வெட்டிக் குறைத்து, வாய் 45 மி.மீ.யாவது திறந்திருக்கும்படி திருத்தினோம். 8ன் கிடைக்கோடுகள் மூன்றும் தலா 42. மீதி 174ல் மேல் உள்வெளிக்கு 80, கீழுக்கு 94. கீழ் வயிறு பெரிதாக இருந்தால்தான் 8 நிமிர்ந்து நிற்கும். கிடைக்கோடு தண்டைவிடச் சற்று மெலிதாக இருக்க வேண்டும். சம கனத்தில் போட்டால் கண்ணுக்குக் கிடைதான் பருத்துத் தெரியும். இன்னொன்று: இருண்ட நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து தன் அளவைவிடப் பெரிதாகப் பரவித் தெரியும். வெளிர் உடம்பில் கறுப்பு எழுத்து எழுதுவதாக இருந்தால் தண்டை 54 வரை கூட்டலாம். பச்சையில் வெள்ளைக்கு 50 போதும்.

கடைகளில் நடக்கிற பெரிய கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அகல எழுத்தைக் கோரல்ட்ராவில் வைத்து ஓரத்தைப் பிடித்து 60 சதவீதத்துக்கு அமுக்கிவிடுவது. அப்போது 50 மி.மீ. தண்டு 30 ஆகிறது, கிடைக்கோடோ 50லேயே நிற்கிறது. எழுத்து நிற்கத் திராணியில்லாமல் தொப்பி மட்டும் கனத்துத் தெரியும். ஒடுங்கிய எழுத்து என்பது அமுக்கிய எழுத்து அல்ல. ஒடுக்கத்துக்கென்று தனியாக வரைந்த கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்ப் பெயர்

ஆங்கில எழுத்துக்கு வைத்த அளவைத் தமிழுக்கும் வைத்தால் வேலை கெட்டுவிடும். ஓர் எழுத்தின் குறுக்கே, சுழியின் ஊடாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஆங்கில என், எச் போன்றவற்றிலும் நம் 'ப'விலும் இரண்டு தண்டு வெட்டுப்படும். 'ன'வில் நான்கு, 'ண'வில் ஐந்து. தண்டும் உள்வெளியும் சம அளவு என்று வைத்துக்கொண்டால், 'ப'வுக்குத் தண்டைப் போல் 3 மடங்கு அகலம், 'ன'வுக்கு 7 மடங்கு, 'ண'வுக்கு 9 மடங்கு வேண்டும். 50 மி.மீ. தண்டில் 'ண' எழுத 450 மி.மீ. போய்விடும். ஆகவே தமிழில் ஒடுக்கமும் தடிமனும் ஒன்றையொன்று தின்னும். எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். விட வேண்டியது தடிமனை.

'அன்னை வேளாங்கண்ணி' என்ற பெயர் இந்தக் கரையில் அடிக்கடி வருவது; ஒடுங்கிய எழுத்துக்கு அதைவிடக் கடினமான சோதனையும் இல்லை. அடிப்படை எழுத்தின் உயரம் 200, தண்டு 28 என்று எடுத்தோம். 'ன' 196 அகலம், 'ண' 252. உள்வெளி 28 என்பதால் 96 மீட்டர் வரை திறந்திருக்கும். பெயர் அந்தத் தூரம் தெரிந்தால் போதும். அதற்கு அப்பால் எண் பேசட்டும். இரண்டு வரியாக, மேலே 'அன்னை', கீழே 'வேளாங்கண்ணி' என்று பிரித்ததால் நெருக்கடி இல்லை.

எழுத்துருவாக வேண்டுமென்றால் அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டிலும் அகலத்தையும் தடிமனையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். அனெக் இயல்பான அகலத்தில் 75 சதவீதம் வரை ஒடுங்கும், நோட்டோ 62.5 வரை. ஒடுக்கத்தின் கடைசிப் படியையும் தடிமனின் கடைசிப் படியையும் ஒன்றாகப் பிடிக்காதீர்கள்; சுழிகள் எல்லாம் புள்ளியாகிவிடும். அனெக்கில் முழு ஒடுக்கம், தடிமன் 600 என்ற சேர்க்கை இந்த வேலைக்கு ஒத்துவந்தது. கேட்டமரன் எழுத்துருவில் தடிமன் பல படிகளில் உண்டு, ஆனால் ஒடுங்காது; இடம் தாராளமாக இருக்கும் பின்பக்கப் பலகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புள்ளியைத் தண்டின் கனத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். 28 தண்டுக்கு 32 விட்டம், எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே 25 வெளி. புள்ளி மறைந்தால் 'ன்' 'ன'வாகிவிடும். மேல் விலங்கு ('ணி'யில் வரும் இகரக் குறி), புள்ளி இரண்டுக்கும் மேலே 70 மி.மீ. ஒதுக்கிவிட்டுத்தான் வரிக்கோடு போட வேண்டும். பல படகுகளில் 'ணி'யின் விலங்கு மேல் வரி எண்ணில் போய் இடிப்பதற்கு இதுதான் காரணம். 'னை'க்கு 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய, தலையில் துதிக்கை சேர்ந்த வடிவத்தை இன்னும் சில மூத்த ஓவியர்கள் எழுதுகிறார்கள். பார்க்க எழில், இடமும் மிச்சம். ஆனால் தடித்த ஒடுங்கிய எழுத்தில் அந்தத் துதிக்கை அடைத்துக்கொள்கிறது. தனி ஐகாரக் குறியே தெளிவு.

வெட்டும் முன் ஒரு சோதனை. முழு எண்ணையும் பெயரையும் பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது எண் 30 மி.மீ. உயரத்தில், ஏ4 தாளில் பச்சைப் பின்னணியோடு அச்சிட்டுச் சுவரில் ஒட்டி 10 மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். அது 300 மி.மீ. எழுத்தை 100 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். எண் முன்பே தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்வது முக்கியம். தெரிந்தவர் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். தடுமாறும் இலக்கத்தைத் தாளிலேயே திருத்திவிடலாம்.

வெட்டும் பூச்சும்

வேண்டிய பொருள்: 0.3 மி.மீ. பாலியெஸ்டர் ஷீட் (பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் ஆகும், ஆனால் எழுத்து பெரிதென்றால் ஒட்டுப்போட வேண்டும்), கட்டர் பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், 2 அங்குல மாஸ்கிங் டேப், 180, 220 எண் உப்புத்தாள், 2 அங்குல ஃபோம் ரோலர், அரை அங்குலமும் ஒரு அங்குலமும் பட்டைப் பிரஷ், சுண்ணாம்பு நூல், பிரைமர், வெள்ளை சிந்தெடிக் எனாமல், தின்னர், உடம்பின் பச்சையில் கொஞ்சம் மிச்சம். வெள்ளைக்கு எவ்வளவு? எண்ணின் பூசும் பரப்பு ஒரு பக்கத்துக்கு 0.4 சதுர மீட்டருக்குள். இரு பக்கம், இரண்டு பூச்சு என்றால் 1.6. ஒரு லிட்டர் 10 சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் 160 மி.லி. பெயர், கூரை, ரோலரில் வீணாவது எல்லாம் சேர்த்து அரை லிட்டர் டின் ஒன்று தாராளம்.

ஸ்டென்சிலில் உள்வெளி உள்ள எழுத்துக்குப் பாலம் விட வேண்டும், இல்லாவிட்டால் நடுத்துண்டு விழுந்துவிடும். ஒடுங்கிய எழுத்தில் உள்வெளி நெடுக்கு வாக்கில் நீண்டது; பக்கவாட்டில் பாலம் விட்டால் துண்டு காற்றில் ஆடும். மேலும் கீழும் ஒவ்வொன்று, 12 மி.மீ. அகலத்தில் விட்டால் இறுகப் பிடிக்கும். எழுத்தைத் தூக்கிய பிறகு பாலத்தின் இடத்தைப் பிரஷால் நிரப்பிவிடலாம். பிளாட்டரில் வினைல் வெட்டிக்கொடுக்கும் கடை அருகில் இருந்தால் பாலமே வேண்டாம். வினைலின் பசை நடுத்துண்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வினைலை மாஸ்காக (பூசும்போது சுற்றிடத்தை மறைக்க) மட்டும் பயன்படுத்துங்கள். மரப் படகில் அதையே எழுத்தாக ஒட்டி விட்டுவிட்டால், பலகை விரிந்து சுருங்கும்போதும் பக்கத்துப் படகின் டயர் உரசும்போதும் ஓரம் கிளம்பும்.

எழுதும் இடத்தை நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிக் காயவிட வேண்டும். உப்பு பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். இந்தக் கரையில் எழுத்து உரிவதற்கு முதல் காரணம் இதுதான். பிறகு 180ல் தேய்த்து, 220ல் மழித்து, தின்னர் துணியால் துடைக்க வேண்டும். மரம் தெரியும் இடத்தில் மட்டும் பிரைமர். ஃபைபர் படகானால் அச்சிலிருந்து வந்த மெழுகு மேலே இருக்கும்; அதைத் தின்னரால் எடுக்காமல் எனாமல் அடித்தால் முழுத்தாளாக உரிந்து வரும்.

வரிக்கோட்டுக்கு ரசமட்டம் உதவாது. கரையேற்றிய படகு எந்தப் பக்கமாவது சாய்ந்துதான் நிற்கும். தண்ணீர்க்கோட்டு வண்ணப் பட்டையிலிருந்து நாடாவால் சம உயரம் அளந்து, இரண்டு முனையிலும் குறித்து, சுண்ணாம்பு நூல் அடிப்பதே சரி. விளிம்புப் பலகையை ஒட்டி எழுதினால் அணியம் ஏறும் இடத்தில் எண்ணும் ஏறிக்கொண்டு போகும். பலகை இணைப்பையும் பார்த்து வைக்க வேண்டும். கலப்பத்து உள்ள இடத்தில் பெயிண்ட் வெடிக்கும். அந்த வெடிப்பு 8ன் நடுக்கோட்டில் விழுந்தால் 8 போய் 0 ஆகும். வரியை 30, 40 மி.மீ. ஏற்றி இறக்கி, இணைப்பு உள்வெளிகளின் ஊடாகப் போகும்படி வைத்துக்கொண்டால் தண்டுகள் மட்டுமே குறுக்கிடும். தண்டில் விழும் கீறல் படிப்பதைக் கெடுக்காது.

அணியத்தின் வளைவு இன்னொரு சிக்கல். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு, 30 பாகை திரும்பிய பலகையில் 150 மி.மீ. எழுத்து 130ஆகத் தெரியும், 50 உள்வெளி 43 ஆகும். 45 பாகை என்றால் 150 என்பது 106. ஏற்கனவே ஒடுங்கிய எழுத்து மேலும் ஒடுங்குகிறது. எழுத்தை வளைவிலிருந்து முடிந்தவரை பின்னுக்குத் தள்ளுவதே நல்லது. முடியாதபோது வளைவில் விழும் நான்கைந்து எழுத்துகளை மட்டும் படிப்படியாக 15 சதவீதம் வரை அகலமாக வெட்டுங்கள். இந்த வேலையில் மிஞ்சிய 300 மி.மீ. அதற்குத்தான் பயன்பட்டது.

ஸ்டென்சிலை டேப்பால் நாலு பக்கமும் இறுக்கி ஒட்டியபின், ஓரங்களில் முதலில் பச்சையையே லேசாகத் தட்ட வேண்டும். கசிவதானால் பச்சை கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். அதன் மேல் வரும் வெள்ளை கத்தி போல் நிற்கும். வெள்ளை எனாமலில் தின்னர் கலக்க வேண்டாம். ரோலரை அட்டையில் உருட்டி ஏறக்குறைய உலர்ந்த பதத்துக்குக் கொண்டுவந்து, அழுத்தாமல் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். பச்சையை ஒரே பூச்சில் மறைக்கப் பார்த்தால் வழியும். முதல் பூச்சு ஓர் இரவு காய்ந்த பின் இரண்டாவது. வெள்ளை இன்னும் பச்சை அடித்தால் மூன்றாவது. கடைசிப் பூச்சு முழுதும் இறுகுமுன் ஸ்டென்சிலை எழுத்துக்கு வெளிப்பக்கமாக மடக்கி இழுத்து எடுக்க வேண்டும். காயவிட்டு எடுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

நேரம்: காலையில் பனி ஈரம் போன பிறகு தொடங்கி, கச்சான் காற்று (மேல்காற்று) மணலை வாரி அடிக்கத் தொடங்குமுன் முடித்துவிடுவது. மாலையில் பூசினால் இரவு ஈரம் இறங்கி எனாமலின் பளபளப்பு செத்து வெளிறும்.

வீல்ஹவுஸ் கூரையில் எழுதியது இரண்டு வரியாக: மேலே மாநிலக் குறியும் 10ம், கீழே எம்எம்மும் இலக்கங்களும். பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்தோ வானிலிருந்தோ பார்ப்பவருக்கு அந்தப் பக்கம்தான் தெரியும். அங்கே நீளத்துக்குத் தட்டுப்பாடு இல்லை என்பதால் ஒடுக்கத்தைத் தளர்த்தி, இலக்கங்களை 180 அகலத்துக்கு வெட்டினோம். கூரையில் ஆள் நடப்பார்கள், வலை காயும். மூன்றாவது பூச்சு கட்டாயம்.

ஷீட்டை உடனே தின்னரால் துடைத்து, இரண்டு அட்டைக்கு நடுவே நிமிர்த்து வையுங்கள். சுருட்டி வைத்தால் பாலங்கள் ஒடியும். ஒவ்வொரு துண்டிலும் எந்த எழுத்து, என்ன அகலம், வலப்பக்கமா இடப்பக்கமா என்று மார்க்கரால் எழுதிவிட வேண்டும். வளைவுக்காக அகலப்படுத்திய எழுத்துகள் இரு பக்கத்துக்கும் ஒன்றல்ல: இடப்பக்கத்தில் எண்ணின் தொடக்கம் வளைவில் விழும், வலப்பக்கத்தில் எண்ணின் முடிவு.